காயலான் கடைக்குப் போற பேராண்டிக்கு

வா அப்பு, இப்படித் திண்ணையில ஒக்காரு. ஒங்கம்மா போன்ல ஒரே அழுகை. "மாமா, ஒங்க பேரன் கம்ப்யூட்டர் கம்பெனியில கை நெறையச் சம்பாதிக்கிறான், ஞாயித்துக்கெழமையானா காயலான் கடைக் குப்பைக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நிக்கிறான்"னா. "விடு தாயி, வயசுப் பய சீட்டுக் கிளப்புல நிக்கலை, சாராயக் கடையில நிக்கலை. பழைய அட்டை தேடுறான், பழைய காசு தேடுறான். பரம்பரையில ஒருத்தனாவது பழசை மதிக்கிறானே"ன்னு தேத்துனேன். அப்புறந்தான் யோசிச்சேன், பழசை மதிக்கிற பய தாத்தனைப் பாக்கப் பொங்கலுக்குப் பொங்கல்தானே வர்றான்னு. என் மேல இன்னும் கொஞ்சம் துரு ஏறணும் போல.

நீ போறது தப்பே இல்லை. போற நேரந்தான் தப்பு. திலகர் திடல் ஞாயித்துச் சந்தைக்குப் பத்து மணிக்குப் போறியாம்ல? நெய்த் தோசை தின்னு, தலை சீவி, செண்ட்டு அடிச்சு, முதுகுல பையும் மாட்டி. மாலை போடாம விட்டாய்ங்களே, அதுவே பெருசு. அப்பு, பழகுன ஏவாரி மூட்டை அவுக்குறப்பவே பக்கத்துல குத்தவச்சிருப்பான். நாலு பேரு பொறக்கி, நாலு பேரு சலிச்சு, வேணாம்னு தள்ளி வச்சது இருக்கே, அதுதான் பத்து மணிக்கு ஒனக்குத் தொல்பொருள். செத்துப்போன செல்போன், கைப்பிடி இல்லாத திருப்புளி, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக்கொத்து. அதையும் நீ போட்டோ எடுத்துச் சிநேகிதகாரனுக்கு அனுப்பி, "வின்டேஜா பாரு"ன்னு கேக்குறியாம்.

வெள்ளனப் போ. எந்திரிக்க முடியலையா, மூட்டை கட்டுற நேரத்துக்குப் போ. காலையிலேர்ந்து வெயில்ல காஞ்சு, அம்புட்டையும் திரும்பச் சுமக்கணுமேன்னு பாத்துக்கிட்டு இருக்கிற மனுசன் தானா எறங்கி வருவான். ரெண்டுக்கும் நடுவுல போனா அது ஏவாரம் இல்லை, தர்மம். தர்மம் பண்றதும் நல்லதுதான், ஆனா கணக்குல அப்படியே எழுதிக்க.

அடுத்தது ஒன் மூஞ்சி. அது ஒங்க அப்பத்தா வழி மூஞ்சி, ஒன்னையும் மறைக்கத் தெரியாது. ஒரு பொருளைப் பாத்ததும் கண்ணு ரெண்டும் விரியுது பாரு, அங்கிட்டுத்தான் ஒனக்குச் செலவு. விக்கிறவன் பொருளுக்கா விலை சொல்றான்? கண்ணுக்குச் சொல்றான். கண்ணு விரிஞ்சா அம்பது ரூவாப் பொருளு ஐநூறு. அதுனால ஒனக்கு வேணும்கிறதைத் தொடவே தொடாதே. பக்கத்துல கெடக்குற ஓட்டை டார்ச் லைட்டை எடு, அமுக்கு, எரியலைன்னு சலிச்சுக்க, விலை கேளு, இம்புட்டான்னு வாயைப் பொள. அவனும் நீயும் டார்ச் லைட்டுக்காகப் பத்து நிமிசம் சண்டை போடுங்க. கெளம்புறப்ப, போனாப் போகுதுன்னு, "இந்த அட்டைக் கட்டையும் சேத்து என்ன வேணும்?"னு கேளு. அவனுக்கு டார்ச் லைட்டு தொலைஞ்சாச் சரின்னு இருக்கும். ஒனக்கும் ஒரு டார்ச் லைட்டு மிச்சம்.

அப்புறம் ஐநூறு ரூவா நோட்டை நீட்டிக்கிட்டு முப்பது ரூவாய்க்குப் பேரம் பேசாதே. மடியில சில்லறை வச்சுக்க. "இம்புட்டுத்தாண்ணே இருக்கு"ன்னு கையை விரிச்சுக் காட்டுறதுக்குச் சில்லறைதான் அழகு. போனைத் தட்டி ஜீபேல கட்டுறேன்னு சொன்னா, ஒன் பேங்க்குல எம்புட்டு இருக்குன்னு அவனுக்கே கணக்குத் தெரியும்.

ஆனா ஒன்னு, விக்கிறவனை ஏமாளின்னு நெனச்சிராதே. அவன்கிட்டயும் போன் இருக்கு. நீ பாக்குற வீடியோவைத்தான் அவனும் பாக்குறான். டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூவா நோட்டுக்கு லட்ச லட்சமாக் கெடைக்குமாம். நம்பர்ல 786 இருந்தா இன்னும் கூடவாம். 2012-ல வந்த வைஷ்ணோ தேவி படம் போட்ட அஞ்சு ரூவா, பத்து ரூவாக் காசு இருந்தா வீட்டையே வாங்கிறலாமாம். அது நம்ம டீக்கடைச் சில்லறையில சுத்திக்கிட்டு இருந்த காசு அப்பு. அம்புட்டு லட்சம் குடுக்குற புண்ணியவான் மதுரையில எந்தச் சந்துல குடியிருக்கான்னு மட்டும் எவனும் சொல்ல மாட்டேங்கிறான். அவனுக்குப் போன் போட்டா, முதல்ல பதிவுக் கட்டணம் கட்டு, அப்புறம் வரி கட்டு, அப்புறம் கமிசன் கட்டுன்னு நம்மகிட்ட வாங்குவானே தவிர, குடுக்க மாட்டான். ரிசர்வ் பேங்க்கே 2021 ஆகஸ்டுல, எங்க பேரைச் சொல்லிப் பழைய நோட்டு, காசு வாங்க விக்கக் கட்டணம் கேக்குறாய்ங்க, நாங்க அப்படி எதுவும் பண்றதில்லைன்னு ஊருக்கே அறிவிச்சாக. ரிசர்வ் பேங்க்கு சொன்னதை நம்பாம வீடியோ சொன்னதை நம்புறவன் நம்ம தெருவுலயே நாலு பேரு இருக்கான். நீ அஞ்சாவதா இருக்க வேணாம்னு பாக்குறேன்.

பழசுன்னா விலைன்னு எவன்டா ஒனக்குச் சொல்லிக் குடுத்தது? அப்படிப் பாத்தா வைகை ஆத்துக் கூழாங்கல்லுக்கு என்ன விலை? ஒனக்கு ரெண்டு கதை சொல்றேன், ரெண்டும் கடல்ல நடந்தது.

அமெரிக்காவுல டாப்ஸ்னு ஒரு கம்பெனி. பேஸ்பால் ஆட்டக்காரவுக படம் போட்ட அட்டையைப் பபுள்கம்மோட வச்சு வித்தாக. 1952-ல கடைசியா அடிச்ச கட்டு போணியாகலை. வருசக்கணக்காக் கெடங்குல கெடந்துச்சு. எடத்தை அடைக்குதேன்னு 1960-ல படகுல ஏத்தி அட்லாண்டிக் கடல்ல கொட்டிட்டாக. கொட்டுன ஆளே பின்னால சொன்ன கதை. அந்தக் கட்டுல இருந்த ஒரு ஆட்டக்காரர் பேரு மிக்கி மேன்ட்டில். தப்பிச்சுக் கரையில நின்ன அவரு அட்டையில ஒன்னு 2022 ஆகஸ்டுல 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. நம்ம காசுக்கு நூறு கோடி. அட்டைக்கு மார்க்குப் போடுறதுக்குன்னே அங்கிட்டுக் கம்பெனி இருக்கு, பத்துக்கு ஒம்பதரை வாங்குன அட்டை அது. நீ பத்தாவதுல கணக்குல வாங்குன மார்க்கை நான் இப்ப எடுக்கலை.

இன்னொரு கதை நம்ம சங்கதி. கும்பினிக்காரன் சென்னை ராசதானியில பொழங்குறதுக்காக 1808-ஆம் வருசம் போட்ட பத்துக் காசு, இருபது காசுன்னு செப்புக் காசை இங்கிலாந்துல பர்மிங்காம்ல அடிச்சு, அட்மிரல் கார்ட்னர்ங்கிற கப்பல்ல ஏத்தி அனுப்புனான். 1809 சனவரியில கப்பல் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுறதுக்குள்ளயே மணல்திட்டுல மோதி முங்கிருச்சு. டன் டன்னாக் காசு. 1980-கள்ல முத்துக் குளிக்கிற கணக்கா ஆளு எறக்கி வெளியே எடுத்தாக. பத்து நூறு இல்லை, லட்சக்கணக்குல வந்துச்சு. இன்னைக்கு அந்தக் காசு உலகம் பூராக் கெடைக்குது, விலையும் சல்லிசு. இருநூறு வருசத்துக் கெழவி, கடல்ல குளிச்சு வந்தவ, இருந்தும் கேக்க நாதியில்லை. அந்த அட்டைக்கு எழுபது வயசுதான். கடல்ல போனது திரும்பி வராததுனால அதுக்கு நூறு கோடி. இப்பச் சொல்லு, வயசுக்கா மருவாதி?

இதைப் புரிஞ்சுக்கிட்டேன்னா வெள்ளி ரூவாயை நீட்டுறவன்கிட்ட ஏமாற மாட்ட. "1862-ஆம் வருசத்து ராணி ரூவா தம்பி, எங்க தாத்தா பொதைச்சு வச்சது"ம்பான். 1862-ன்னு போட்ட ரூவாயை வருசத்தை மாத்தாமலே பத்து வருசத்துக்கு மேல அடிச்சுத் தள்ளிருக்கான் வெள்ளைக்காரன். அதுல வெள்ளி விலைக்கு மேல பெருசா ஒன்னும் இல்லை. எழுத்தைப் படி. 1876 வரைக்கும் 'விக்டோரியா குயின்'. 1877-லேர்ந்துதான் 'எம்ப்ரஸ்'. 1862-ன்னு வருசமும் போட்டு எம்ப்ரஸ்னும் போட்டிருந்தா, அது ராணிக்கே தெரியாம அடிச்ச காசு. வாங்கி வச்சுக்க, சிரிக்கிறதுக்கு ஆகும்.

1939-னு போட்ட ஆறாம் ஜார்ஜ் ரூவா நெசமாவே அபூர்வம். அதுனாலதான் 1938-ல இருக்கிற கடைசி எட்டைச் சுரண்டி ஒம்பதாக்குற கைவேலைக்காரன் ஊருக்கு ஒருத்தன் இருக்கான். எட்டுல கால்வாசியை எடுத்தா ஒம்பது, எம்புட்டு லேசு பாரு. பூதக்கண்ணாடியை மடியில வச்சுக்க. ரூவாக் காசு 11.66 கிராம் நிக்கணும், ஒரு தோலா. காந்தத்துல ஒட்டுனா அது வெள்ளியே இல்லை. வெளிம்புல கோடு ஓடுனா அச்சுல அடிக்கலை, வார்ப்புல ஊத்திருக்கான். 1940-லேர்ந்து வெள்ளி பாதிதான், சண்டைக்காலம். அந்தச் சண்டைக்காலத்துல செம்பை மிச்சம் பண்ணப் போட்டதுதான் 1943-லேர்ந்து வந்த ஓட்டைக் காலணா. அதை நாங்க அரைஞாண் கயித்துல கோத்துக்கிட்டு அம்மணமாத் திரிஞ்சோம். இன்னைக்கு அதையே "ரேர் பீஸ்"னு கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு விக்கிறாய்ங்க. எங்களையும் அப்படியே வச்சிருந்தா நல்ல விலை போயிருப்போம்.

எல்லாத்துக்கும் மேல ஒன்னு இருக்கு, ராமர் பட்டாபிஷேகக் காசு. ஒரு பக்கம் ராமரு, சீதை, லட்சுமணன், காலடியில அனுமாரு. மறு பக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரை அணா, 1818. இதை வச்சா அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது, கோயில் கலசத்துல இருந்து வந்தது, அமெரிக்காக்காரன் கோடிக்கணக்குல எடுப்பான்னு ஒரு கூட்டம் லாட்ஜுல ரூம் போட்டுப் பேசும். கும்பினிக்காரன் அப்படிக் காசு அடிக்கவே இல்லை. ஆனா கேட்டுக்க, சாமி படம் போட்டு அடிச்சிருக்கான். சென்னையில மூணு சுவாமி வராகன்னு தங்கத்துல போட்டிருக்கான், நம்ம சனம் நம்பி வாங்கணும்னு. அதுனாலதான் இந்தப் புளுகு நிக்குது. முழுப் பொய்யை எவனும் வாங்க மாட்டான், அரை உண்மையைக் கலந்தாத்தான் போணியாகும். அரிசி இழுக்கிற செம்புன்னு எவனாவது ஒன்கிட்ட வந்தா, "எனக்கு வேணாம்ணே, எங்க அய்யா பேரு ரேசன் கார்டுல இருக்கு, அதுவே மாசாமாசம் அரிசியை இழுத்துக்கிட்டு வந்துருது"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிரு.

சரி, காசை விடு. நீ தேடுறது அட்டைதானே. எனக்குத் தெரியாம நீ என்னத்தடா தேடிரப் போற? போக்கிமான் வேணும், பேஸ்பால் வேணும்னு திலகர் திடல்ல கேக்குறியாம். மிக்கி மேன்ட்டில் மதுரைக்கு வந்து அய்யர் பங்களாவுல குடியிருந்தாரா? எந்த மண்ணுல எது மொளைச்சதோ அதைத்தான் அந்த மண்ணுல தோண்டணும். நம்ம மண்ணுல மொளைச்ச அட்டை தீப்பெட்டிப் படம்.

சிவகாசியில இருந்து அய்யா நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல கல்கத்தாவுக்குப் போயி தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாக. மறு வருசம் தொழில் ஆரம்பிச்சாச்சு. அதே 1923-லதான் ஸ்வீடன்காரன் கம்பெனி விம்கோவும் இந்தியாவுல காலை ஊனுது. அதுக்கு முன்னால தீப்பெட்டி ஸ்வீடன்லேர்ந்தும் ஜப்பான்லேர்ந்தும் கப்பல்ல வந்துக்கிட்டு இருந்துச்சு. அதுல என்ன படம்ங்கிற? நம்ம சாமி! கிருஷ்ணரும் லெட்சுமியும் ஜப்பான்ல அச்சாகி, நமக்கே வந்து அடுப்புப் பத்த வச்சாக. அந்த லேபிள் ஒன்னு கையில மாட்டுச்சுன்னா விடாதே.

சிவகாசிக்காரவுக தொடங்குனதும் படம் பெருகிப்போச்சு. புலி, தாமரை, மயிலு, நடிகரு, தலைவரு, ரெயிலு, ராக்கெட்டு, எது கண்ணுல பட்டாலும் படம். ஒருத்தன் படம் நல்லா ஓடுனா அடுத்தவன் அதே நெறத்துல, அதே எழுத்துல, ஒரு வாலை மட்டும் மாத்திப் போடுவான். எழுதப் படிக்கத் தெரியாத சனம் படத்தைப் பாத்துத்தானே கேக்கும். இந்த ஒட்டுப் போலிகளைச் சேக்குறதுதான் அப்பு சுகமே. அசலையும் போலியையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி வை, ஒரு ஊரு எப்படி ஏவாரம் பண்ணுச்சுன்னு தெரியும்.

அந்தக் காலத்துப் பெட்டி மரச்சீவல்ல செஞ்சது, மேல நீலத்தாளு ஒட்டி, அதுக்கு மேல லேபிள் தனியா ஒட்டுவாக. சாத்தூரு, கோவில்பட்டிப் பக்கம் வீட்டுக்கு வீடு பொம்பளைகளும் பிள்ளைகளும் ஒக்காந்து ஒட்டுன கை அது. படத்துக்கு அழகு பாக்குறப்ப அந்தக் கையையும் நெனச்சுக்க. பின்னால அட்டைப்பெட்டி வந்துச்சு, படத்தைப் பெட்டி மேலயே அச்சடிச்சாச்சு. தனி லேபிள்ங்கிற சங்கதியே போச்சு. போனதாலதான் இப்ப நீ தேடுற. வாங்குறப்ப, ஒட்டாத லேபிள் கட்டா வருதா, பெட்டியிலேர்ந்து உரிச்சதான்னு பாரு. உரிச்சதுன்னா முதுகுல பசைத் தடம் இருக்கும், நீலத்தாளு சிலும்பு ஒட்டியிருக்கும். புதுசு மாதிரிப் பளபளன்னு கத்தையா வந்தா, அது போன மாசம் அடிச்சதாவும் இருக்கலாம். வரித்தாளு ஒட்டுன பெட்டி கெடைச்சா அப்படியே முழுப் பெட்டியா வை. 1934-ல தீப்பெட்டிக்கு வரி போட்டப்ப வந்த சங்கதி அது, உரிச்சுப் பிரிச்சா ரெண்டும் கெட்டுரும்.

நாங்க இதை வச்சுச் சூதாடுனோம். தீப்பெட்டிப் படமும் சிகரெட்டு அட்டையும். சிசர்ஸ், சார்மினார், பாஸிங் ஷோ ஒவ்வொன்னுக்கும் ஒரு மதிப்பு. ஊருல அபூர்வமா எவன் பிடிக்கிறானோ அந்தச் சிகரெட்டு அட்டைக்கு மதிப்புக் கூட. மிராசுதாரு வீட்டுக்குப் பின்னாடி நாலு பயலுக தவம் கெடந்து, அவரு வீசி எறியிற அட்டைக்காக அடிச்சுக்கிட்டோம். அவரு நம்ம மேல பிரியமா இருக்காய்ங்கன்னு நெனச்சுக்கிட்டு செத்தாரு. அமெரிக்காவுல ஏல மேடையில நடக்குறதும் இதேதான், அவிய்ங்க கோட்டு போட்டிருக்காய்ங்க, நாங்க டவுசருகூடப் போடலை.

ஒங்கப்பன் காலத்துல டிரம்ப் கார்டு வந்துச்சு. எடைன்னா யோகோசூனா, ஒசரம்னா ஜெயண்ட் கான்சாலெஸ்னு பரீட்சைக்குப் படிக்காததை எல்லாம் படிச்சான். அதுக்கு முன்னாடி எம்பதுகள்ல பபுள்கம்முக்குள்ள கிரிக்கெட்டுப் படம். அதெல்லாம் எங்கன்னு தேடுறியா? ஒங்க அப்பத்தாகிட்ட கேளு. பேரீச்சம்பழ ஏவாரிகிட்ட எடைக்குப் போட்டா. அமெரிக்காவுலயும் ஆத்தாமாருக அட்டையைத் தூக்கி எறிஞ்சதாலதான் விலை ஏறுச்சும்பாக. அப்பப் பாரு, ஒலகத்துல அபூர்வப் பொருளை உண்டாக்குறவ எல்லாம் வீடு கூட்டுற பொம்பளைதான்.

காலண்டரை மறந்துறாதே. கோவில்பட்டியில கொண்டைய ராஜுன்னு ஒரு ஓவியரு இருந்தாரு, 1976-ல காலமானாரு. நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதிக்கிட்டு அங்கிட்டு வந்து தங்குனவரு. அவரும் அவரு சீடப்பிள்ளைக டி. எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் ஆளுகளும் எழுதுன சாமிதான் சிவகாசியில அச்சாகி, தெக்கத்தி வீடுக எல்லாத்துலயும் வந்து ஒக்காந்துச்சு. மீனாச்சி கல்யாணத்தைக் கண்ணை மூடி நெனச்சுப் பாரு, ஒனக்கு வர்றது அனேகமா அவரு எழுதுன மீனாச்சிதான். இந்தப் படத்தை வாங்குறப்பக் கீழ் ஓரத்துல கையெழுத்தைப் பாரு. மேலயும் கீழயும் தகரப் பட்டை இருக்கான்னு பாரு. கடைப்பேரை வெட்டி எடுத்துட்டுச் சட்டம் போட்டது ஆயிரம் கெடைக்கும். கடைப்பேரோட கெடைச்சா அதுதான் ஒசத்தி. 'மளிகை மொத்த வியாபாரம், கீழமாசி வீதி'ன்னு போட்டு ரெண்டு இலக்கத்துல போன் நம்பர் இருந்தா, வருசத்தை நீ யாருகிட்டயும் கேக்க வேணாம், போன் நம்பரே சொல்லும்.

இது எங்க கெடைக்கும்ங்கிற? சந்தையில இல்லை. கண்ணாடி ஒடஞ்ச சாமி படத்தைக் குப்பையில போட எவனுக்கும் மனசு வராது. அரசமரத்தடியில, ஊருணிக் கரையில கொண்டு வந்து சாத்தி வச்சிட்டுப் போவாக. அங்கிட்டு இருந்து எடுக்குறதுக்கு முன்னாடி ஊருல ஒரு பெரியாளைக் கேளு. கேக்காம எடுத்தியோ, சாமி குத்தம் இருக்கோ இல்லையோ, ஊரு குத்தும்.

சினிமாச் சரக்கும் மதுரையில கொட்டிக் கெடந்துச்சு. ஆசியாவுலயே பெரிய கொட்டகைன்னு பேரு வாங்குன தங்கம் தியேட்டரு 1952-ல 'பராசக்தி'யோட தொறந்துச்சு. இப்ப அந்த எடத்துல ஜவுளி விக்குது. கொட்டகை வாசல்ல வித்த பாட்டுப் புத்தகம், கண்ணாடிச் சட்டத்துல மாட்டுன ஸ்டில் அட்டை, ஆபரேட்டரு வெட்டி எறிஞ்ச பிலிம் துண்டு. அந்தப் பிலிமைப் பியூஸ் போன பல்புல தண்ணி ஊத்தி, வெயில்ல கண்ணாடி பிடிச்சுச் சுவத்துல படம் காட்டுனோம். பாட்டுப் புத்தகம் வாங்குறப்ப நடுவுல பின்னைப் பாரு. தாளு பழுப்பா, பின்னு பளபளன்னு வெள்ளையா இருந்தா, அந்தப் பழுப்பு டீத்தண்ணி. மூந்து பாரு, சீனி கூடவா கம்மியான்னுகூடச் சொல்லிறலாம்.

புதுமண்டபத்துக்குப் போயிப் பழசு தேடுனியாமே? திருமலை நாயக்கரு கட்டுன மண்டபம்தான் இப்ப அங்கிட்டுப் பழசு, கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்தியாச்சு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன்னா வேடிக்கை மட்டும் பாரு. செட்டியாரு வீட்டுப் பீங்கானு, எனாமல் தட்டு, ரவிவர்மா படம் எல்லாம் இருக்கு. ஆனா அங்கிட்டு விக்கிறவுக ஒன் தாத்தனுக்கே தாத்தனுக. திலகர் திடல்ல டார்ச் லைட்டு தந்திரம் செல்லும். அங்கிட்டு ஒன் கையில டார்ச் லைட்டையும் கட்டி, வின்டேஜுன்னு பில்லும் போட்டுருவாக.

கீழடிப் பக்கம் போயிச் சில்லு பொறுக்கலாம்னு ஒரு நெனப்பு இருக்குமே? இருக்கும், ஒன் காலைப் பாத்தாலே தெரியுது, செம்மண்ணு. அங்கிட்டு எடுத்த தாயப் பகடையும் வட்டச் சில்லும் 2023 மார்ச்சுல தொறந்த அருங்காட்சியகத்துல இருக்கு, டிக்கெட்டு வாங்கிப் பாரு. மண்ணுக்குள்ள பொதைஞ்ச பொருளு பத்து ரூவாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்குச் சொல்லணும்னு 1878-லயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டிருக்கான், அது இன்னும் இருக்கு. நூறு வருசம் தாண்டுன தொல்பொருளை லைசன்ஸ் இல்லாம ஏவாரம் பண்ண முடியாது, வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. அது 1972 சட்டம். சிலைன்னு எவனாவது போர்வையை விலக்கிக் காட்டுனா, பாக்குறதுக்கு முன்னாடியே ஓடு. பாத்தாலே சாட்சி.

பழங்காசு சேக்குறதுன்னா தினமலர் ஆசிரியரா இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி சேத்தாரு பாரு, அது சேக்குறது. 'பெருவழுதி'ன்னு தமிழ் பிராமியில பேரு பொறிச்ச சங்ககாலப் பாண்டியர் காசை 1980-கள்ல ஒலகத்துக்கு எடுத்துச் சொன்னாரு. பாசி பிடிச்ச செப்புத் துண்டு நம்ம கண்ணுக்கு. அவரு அதுல எழுத்தை வாசிச்சாரு, ராசா வெளியே வந்துட்டாரு. நீ முதல்ல புதுக்கோட்டை அம்மன் காசுல இருந்து ஆரம்பி, சின்னக் காசு, விலையும் கையைக் கடிக்காது. அதுல மறு பக்கம் தெலுங்குல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுட்டு வந்து சொல்லு, அப்புறம் பெருவழுதிக்குப் போகலாம்.

வாங்கிட்டு வந்ததை என்ன பண்ற? புளி போட்டு வெளக்குறியாம்ல காசை! ஒங்க அப்பத்தா செப்புப்பானையை வெளக்குற கையாலயே ஒரு பழங்காசைத் தேச்சு முகத்தையே காணாமப் பண்ணுனவ. காசுல அந்தக் கருப்புதான் அதோட வயசு, அதைத் தேச்சா விலையும் தண்ணியோட போயிரும். லேபிளைச் செல்லோ டேப்பு போட்டு ஒட்டாதே, மஞ்சளாயிப் படத்தைத் தின்னுரும். லேமினேசன் பண்ணுனியோ, அது சாகாவரம் இல்லை, கருமாதி. லேபிள் பசையில மைதா இருக்கு, கரப்பானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து; வேப்பிலையைக் காயவச்சுப் போட்டு, ஈரம் அண்டாத தகரப் பெட்டியில வை.

தகரப் பெட்டின்னதும் ஞாவகம் வருது. மேல பரண்ல ஒரு டிரங்குப் பெட்டி இருக்கு. ஒங்கப்பனுக்குத் தெரியாது, அப்பத்தா பேரீச்சம்பழக்காரனுக்குப் போடாம தப்பிச்சது அது ஒன்னுதான். நான் ஒட்டாத தீப்பெட்டிப் படம் கொஞ்சம் வச்சிருந்தேன், கடைப்பேரோட ரெண்டு மூணு காலண்டரு... ஏய், எதுக்கு எந்திரிக்கிற? ஒக்காரு. ஏணியைத் தேடாதே. இந்தா பாரு, கண்ணு! பெட்டியை நான் எறக்கவே இல்லை, அதுக்குள்ள ரெண்டும் தேங்காய் மூடி அளவுக்கு விரிஞ்சிருச்சு. இம்புட்டு நேரம் யாருக்குச் சொன்னேன்?

ஆயிரம்னு கேக்கலாம்னு இருந்தேன். இப்ப ரெண்டாயிரம். சொந்தப் பேரன்கிறதுனால ஜீபே வேணாம், ரொக்கமாக் குடு, சில்லறையா இருந்தா இன்னும் விசேசம். என்னது, சாவியா? அது தனி ஏவாரம் அப்பு. மொதல்ல பெட்டிக்கு எண்ணி வை.